வாசகர் கேள்வி – பதில்: படித்த தத்துவம் எப்போது கைகொடுக்கும்?

கேள்வி: நம் வசம் இருப்பதில் மட்டும் கருத்து வை என்று சொல்லும் பண்டைய கிரேக்க, ரோமானிய ஸ்டோயிக் தத்துவத்தை விரும்பிப் படிக்கிறேன். படிக்கும்போது எல்லாம் தெளிவாக இருக்கிறது. மேலதிகாரியிடமிருந்து காரமாக ஒரு மின்னஞ்சல் வந்தால் போதும், படித்தது எதுவும் நினைவுக்கு வருவதில்லை. எங்கே கோட்டை விடுகிறேன்?

பதில்: படிப்போடு நிறுத்திக்கொள்வதில்தான். அடிமையாக இருந்து விடுதலை பெற்று, பின்பு கிரேக்கத்தின் நிக்கோபொலிஸ் நகரில் பள்ளி நடத்திய ஸ்டோயிக் ஆசிரியர் எபிக்டெட்டஸ் தம் மாணவர்களை இதற்காகத்தான் ஓயாமல் கண்டித்தார். ஆடுகள் தின்ற புல்லைக் கொண்டுவந்து மேய்ப்பனிடம் காட்டுவதில்லை. செரித்து, பாலும் கம்பளியுமாகத் தருகின்றன என்பார்.

செரிக்க வைக்கும் வழி இது. இரவில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அன்று மனத்தைக் குலைத்த ஒரே ஒரு நிகழ்ச்சியை எடுத்து, நோட்டில் மூன்று வரி எழுதுங்கள். முதல் வரியில் நடந்தது மட்டும்: "அறிக்கையின் இரண்டாம் பகுதியைத் திருத்தி மாலைக்குள் அனுப்பச் சொன்னார்." இரண்டாம் வரியில் அதன்மேல் நீங்கள் ஏற்றியது: "என்னை எதற்கும் லாயக்கில்லாதவன் என்று நினைக்கிறார்." மூன்றாவது, இதில் என் கையில் இருந்தது எது, நாளை இதே வந்தால் என்ன செய்வேன் என்பது.

பலரும் சறுக்குவது முதல் வரியில். "காரமாக எழுதினார்" என்றால் அதற்குள்ளேயே தீர்ப்பு வந்துவிடுகிறது. உங்கள் கேள்வியிலேயே அது வந்திருக்கிறது, பாருங்கள். மின்னஞ்சலில் இருந்த வாக்கியத்தை அப்படியே பார்த்து எழுதுங்கள். வாக்கியம் உண்மையிலேயே அவமதிப்பாக இருந்தால் அதுவும் அந்த வரியில் தெரிந்துவிடும். அப்போது மூன்றாம் வரியில் எழுத வேண்டியது, எப்போது, எப்படிப் பதில் சொல்வது என்று.

இந்த இரவுச் சோதனை ரோமானிய ஸ்டோயிக் செனெகாவின் வழக்கம். விளக்கு அணைந்தபின் அன்றைய நாள் முழுவதையும் தமக்குள் விசாரிப்பதாகக் கோபத்தைப் பற்றிய தம் நூலில் எழுதுகிறார். அவர் தம்மிடம் பேசும் தொனியைக் கவனிக்க வேண்டும்: இனி இப்படிச் செய்யாதே, இம்முறை மன்னிக்கிறேன். நம்மில் பலர் நீதிபதியாக உட்கார்ந்து எழுந்திருக்கவே மாட்டோம். தன்னைத் தானே திட்டித் தீர்க்கும் இரவுகளால் தூக்கம்தான் கெடும்.

இன்னொன்று. கோபமோ பயமோ சுரீரென்று எழுவதே தோல்வி என்று எண்ணிவிடாதீர்கள். கடற்புயலில் சிக்கிய கப்பலில் ஒரு ஸ்டோயிக் ஞானி வெளுத்துப்போனதை ரோமானிய எழுத்தாளர் ஆலஸ் கெல்லியஸ் பதிவு செய்திருக்கிறார். கரையை நெருங்கியபின் காரணம் கேட்டவருக்கு அந்த ஞானி எபிக்டெட்டஸின் நூலையே எடுத்துக் காட்டினாராம்: முதல் அதிர்ச்சி அறிவாளிக்கும் வரும், அதற்குத் தலையாட்டுவதும் மறுப்பதும்தான் நம் வசம். ஆகவே எத்தனை முறை கோபம் வந்தது என்று எண்ண வேண்டாம். வந்தது எவ்வளவு நேரம் தங்கியது என்று பாருங்கள்.

கேள்வி: "கையில் இருப்பது, கையில் இல்லாதது" என்று பிரிக்கச் சொல்கிறார்கள் ஸ்டோயிக்குகள். தேர்வு, நேர்முகம், பிள்ளை வளர்ப்பு எல்லாம் பாதி கையிலும் பாதி வெளியிலும் அல்லவா இருக்கின்றன?

பதில்: சரியான கேள்வி. பழைய ஸ்டோயிக்குகளுக்கும் இது எழுந்தது. ரோமானிய எழுத்தாளர் சிசரோவின் நூலில் வரும் வில்லாளி உதாரணம்தான் விடை: குறிபார்ப்பதும் நாணை இழுப்பதும் அவன் பொறுப்பு, விட்டபின் அம்பை எதுவும் திருப்பலாம். எனவே இலக்கை மாற்றி எழுதுங்கள். "இந்த வேலை கிடைக்க வேண்டும்" என்பதை "என் முந்தைய பணிகளில் மூன்றை இரண்டிரண்டு நிமிடத்தில் விளக்கும் அளவுக்கு வாய்விட்டுப் பழகியிருப்பேன்" என்று எழுதினால், அது நிறைவேறியதா இல்லையா என்று நேர்முகத்துக்கு முந்தைய இரவே சொல்லிவிடலாம்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. உழைக்காததை மறைக்க "அது என் கையில் இல்லை" என்பார்கள். அம்பு வில்லைவிட்டுப் போகும் வரை எதையும் அந்தக் கணக்கில் எழுதக் கூடாது.

கேள்வி: சம்பளம் உயர்ந்தது, விரும்பியதெல்லாம் வாங்கினேன். மகிழ்ச்சி சில வாரம்கூட நிற்கவில்லை.

பதில்: கிடைத்தது பழகிப்போகும், பழகியபின் அது கண்ணில் படாது. கிரேக்கத் தத்துவவாதி எபிகூரஸ் (கி.மு. 341–270) ஆசைகளை மூன்றாகப் பிரித்தார்: இயல்பாகவும் அவசியமாகவும் இருப்பவை; இயல்பானவை, ஆனால் அவசியமில்லாதவை; இரண்டும் இல்லாதவை. பசி, தாகம், குளிர் தீர்வது முதல் வகை. அதற்கு எல்லை உண்டு. புகழும் அதிகாரமும் மூன்றாம் வகை, எவ்வளவு வந்தாலும் வயிறு நிறையாது. எதையும் வாங்கும் முன் அவர் கேட்கச் சொன்ன கேள்வியைக் கேளுங்கள்: இது நிறைவேறினால் எனக்கு என்ன ஆகும், நிறைவேறாவிட்டால் என்ன ஆகும்? இரண்டாவதற்கு "ஒன்றும் ஆகாது" என்று பதில் வந்தால் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள்.

வாங்கிவிட்டவற்றுக்கு செனெகாவின் முறை பொருந்தும். மூன்று நான்கு நாட்கள் எளிய உணவும் முரட்டு உடையுமாக இருந்து, "இதற்கா பயந்தேன்?" என்று கேட்டுப் பார் என்கிறார். ஒரே ஒரு வசதியை மட்டும் மூன்று நாள் விட்டுப் பாருங்கள். ஒரே நேரத்தில் ஐந்தாறை விட்டால் நான்காம் நாள் ஆசை இரட்டிப்பாகத் திரும்பி வரும். உடல்நலக் குறைவோ உணவு சார்ந்த மனச்சிக்கலோ இருப்பவர்கள் உணவில் கைவைக்க வேண்டாம்.

கேள்வி: ஸ்டோயிக்குகள் சொல்லும் பயிற்சிப்படி, கெட்டது நடப்பதாக முன்கூட்டியே கற்பனை செய்தால் எனக்குப் பதற்றம்தான் கூடுகிறது.

பதில்: அப்படியென்றால் நீங்கள் செய்வது கவலை. கவலைக்கு முடிவு கிடையாது, பயிற்சிக்கு உண்டு. பகலில் செய்யுங்கள், படுக்கையில் வேண்டாம். ஒரே ஒரு இழப்பு, இரண்டு நிமிடம். அது நடந்தால் முதலில் என்ன செய்வேன், யாரிடம் உதவி கேட்பேன் என்பதோடு நிறுத்திவிட்டு, அந்தப் பொருளோ மனிதரோ இன்று இருப்பதைக் கவனியுங்கள். அப்போதும் நெஞ்சு படபடத்தால் இந்தப் பயிற்சியையே விட்டுவிடுங்கள். தூக்கமும் பசியும் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். 1950களில் அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் எபிக்டெட்டஸின் கருத்தை எடுத்துக்கொண்டு உளச்சிகிச்சை முறை ஒன்றை உருவாக்கினார். அதையும் பெரும்பாலும் சிகிச்சையாளர் ஒருவர் துணையோடுதான் செய்கிறார்கள்.

கேள்வி: எல்லாமே தனியாக உட்கார்ந்து செய்வதாக இருக்கிறதே?

பதில்: அரிஸ்டாட்டிலிடம் போங்கள். அவருடைய நிகோமாக்கிய அறவியலின் பத்துப் பகுதிகளில் எட்டும் ஒன்பதும் நட்புக்கே. பயனுக்காக, இன்பத்துக்காக, ஒருவர் மற்றவரின் குணத்துக்காக என நட்பு மூவகை. முதல் இரண்டும் காரணம் தீர்ந்ததும் கரையும். மூன்றாவதற்குக் காலமும் சேர்ந்து வாழ்வதும் தேவை. அதனாலேயே பலரோடு அது அமையாது. தூரம் நட்பை முறிப்பதில்லை, அதன் செயலைத்தான் நிறுத்துகிறது, பிரிவு நீண்டால் மறதி வரும் என்றும் சொல்கிறார். உங்கள் இப்போதைய கவலை தெரிந்தவர்கள் யார் யார் என்று எழுதிப் பாருங்கள். இரண்டு பெயர் வந்தாலே நல்லது. அவர்களோடு பேசுவதற்கு "நேரம் கிடைக்கும்போது" என்று வைக்காமல், வாரத்தில் ஒரு கிழமையும் மணியும் குறித்துக்கொள்ளுங்கள்.