நான்கு முறை வரும் பால்

கேள்வி: எங்கள் ரப்பர் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் வாசிப்பதற்காக இந்த நான்கு அடிகளை எழுதினேன்.

வெட்டிய கோட்டில் வடியுது பாலே
சொட்டிய மங்கில் நிறையுது பாலே
கொட்டிய வாளி கனக்குது பாலே
தொட்டிலில் பிள்ளை கேட்குது பாலே

(மங்கு என்பது மரத்தில் வடியும் பால் சேரும் கிண்ணம்.) எல்லா அடியும் ‘பாலே’ என்று முடிவதால் எதுகை நன்றாக இருக்கிறது என்றார் ஒருவர். ஒரே சொல்லை நான்கு முறை சொல்வது குறை என்றார் இன்னொருவர். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: இருவர் சொன்னதும் பொருந்தவில்லை. அடியின் இறுதியில் ஒலி ஒன்றி வருவது இயைபு. இரண்டாம் எழுத்து ஒன்றி வருவதே எதுகை; உங்கள் எதுகை அடியின் தொடக்கத்தில் இருக்கிறது: வெட்டிய, சொட்டிய, கொட்டிய, தொட்டிலில் ஆகிய நான்கிலும் முதலெழுத்து குறில், இரண்டாம் எழுத்து ‘ட்’.

முதலெழுத்து ஒன்றி வரும் மோனைதான் குறைகிறது. ‘வெட்டிய’, ‘வடியுது’ இரண்டும் வகர மெய்யில் தொடங்கினாலும், எகரத்துக்கு இ, ஈ, ஏ ஆகியவையே இனம் என்பதால், அவை மோனை ஆவதில்லை. மூன்றாம் அடியில் ‘கனக்குது’ என்பதைக் ‘குலுங்குது’ என்று மாற்றிப் பாருங்கள். கொ, கு என்று முதற்சீரும் மூன்றாம் சீரும் ஒன்றிப் பொழிப்பு மோனை கிடைக்கும், ஸ்டோருக்குத் தூக்கிச் செல்லும் வாளியின் அசைவும் காதில் விழும்.

சொல் திரும்ப வருவதைக் குறை என்று நான் கொள்ளமாட்டேன். ஒரு சொல் வேறு பொருளில் மீண்டும் வருவதைத் தண்டியலங்காரம் என்னும் அணியிலக்கண நூல் பின்வருநிலை என்னும் அணியாகவே கொள்கிறது. முதல் மூன்று அடிகளில் ‘பால்’ என்பது மரத்துப் பால். நான்காவதில் பிள்ளை குடிக்கும் பால். மரத்தில் வடிவதையும் பால் என்றே அழைத்துப் பழகிய தோட்டத்துத் தமிழில்தான் இந்தத் திருப்பம் இத்தனை இயல்பாக அமைகிறது. மூன்று முறை கேட்டுப் பழகிய பிறகே நான்காவது பால் நெஞ்சைத் தைக்கிறது என்பதால், ஓரிடத்தில்கூட அச்சொல்லை மாற்றிவிடாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன். முதல் மூன்று அடிகளும் கூவிளம், தேமா, கருவிளம், தேமா என்னும் சீர்களாக ஒரே நடையில், அடிக்குள் வெண்டளை (மாச்சீரை அடுத்து நிரையசையும் விளச்சீரை அடுத்து நேரசையும் வரும் இணைப்பு) பிறழாமல் செல்கின்றன. நான்காம் அடியில் ‘பிள்ளை’ என்னும் மாச்சீரை அடுத்து ‘கேட்குது’ நேரசையில் தொடங்குவதால் ஆசிரியத்தளை என்னும் வேறு இணைப்பு விழுந்து, ஓட்டம் அங்கே தடைப்படுகிறது. திட்டமிட்டு எழுதினீர்களோ, தானாக வந்ததோ, குழந்தை கேட்கும் இடத்தில் ஓசை நின்றுவிடுவது மிகவும் பொருத்தம். மேடையில் வாசிக்கும்போது ‘பிள்ளை’ என்றதும் ஒரு மூச்சு நிறுத்தி, பிறகு ‘கேட்குது’ என்று சொல்லுங்கள்.