வாறுகால் சுவரு முக்கால் அடி உசரம், தம்பியோட வீல்சேர் தெருவுக்கு எப்படி வரும்?

கேள்வி: அண்ணாச்சி, நாங்க சேரன்மகாதேவி தாலுகாவுல ஒரு பேரூராட்சில இருக்கோம். என் தம்பிக்கு 31 வயசு, 4 வருசம் முன்னாடி தென்னைல இருந்து விழுந்து முதுகுத்தண்டுல அடிபட்டு இடுப்புக்குக் கீழ உணர்ச்சி கிடையாது, வீல்சேர்தான். முந்தியெல்லாம் அவனே உருட்டிக்கிட்டு டீக்கடை வரைக்கும் போய்ட்டு வருவான். போன மாசம் எங்க தெருவுல சிமெண்ட் ரோடும் சாக்கடைத் தண்ணி போக வாறுகாலும் போட்டாங்க, வாறுகால் சுவரு ரோட்ட விட முக்கால் அடி உசந்து நிக்கி. இப்ப அவன வெளிய எடுக்க ரெண்டு ஆம்பளையாள் வேணும். ஆபீஸ்ல கேட்டா ஒரு ஆளுக்காக தனியா எஸ்டிமேட் போட முடியாதுன்னு சொல்லிட்டாங்க. அந்த ஆபீஸுக்குள்ள போகவும் 4 படி. யார்ட்ட போய் என்னன்னு கேக்க?

பதில்: தங்கச்சி, உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். நான் பேரூராட்சிகள்ல பணி மேற்பார்வையாளரா இருந்து ரிட்டயர் ஆனவன், இந்த மாதிரி வாறுகால் எத்தனையோ தெருவுல நின்னு கட்ட வச்சிருக்கேன், எந்த வாசல்ல வீல்சேர் இருக்குன்னு பாத்து கட்டுனது ரொம்ப குறைவு, அது இப்பவும் மனசுல கிடக்கு. அதனால மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கும்னு தெரிஞ்சேதான் சொல்லுதேன்.

மொதல்ல ஒரு விசயம், "சாய்தளம் கட்டித் தாங்க"ன்னு மொட்டையா கேக்காதீங்க. அளவோட கேளுங்க, எழுத்துல கேளுங்க, காண்ட்ராக்டருக்கு ஃபைனல் பில் போகுறதுக்கு முன்னாடி கேளுங்க. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்லுதேன்னா நானே கெடுத்த ஒரு வேலை இருக்கு. பல வருசத்துக்கு முன்னாடி ஒரு ஊர்ல ஆபீஸ் வாசல்ல சாய்தளம் கட்டச் சொல்லி மேல இருந்து ஆர்டர் வந்துது, வாசப்படி உசரம் 2 அடி, முன்னாடி வேப்பமரம் நின்னதால இடம் 4 அடிதான் கிடைச்சுது, நானும் 4 அடி நீளத்துல வழுவழுன்னு சிமெண்ட் பூசி முடிச்சு பில் போட்டாச்சு. ஒரு வாரத்துல போலியோ வந்த ஒரு அக்கா மூணு சக்கர வண்டில வந்தாவ, அதுல ஏறப் பாத்தாவ, பாதி தூரத்துல வண்டி பின்னாடி நழுவிச்சு, கிளார்க் ஓடிப்போய் பிடிச்சாரு. அந்த அக்கா ஒண்ணுமே சொல்லல, வண்டிய திருப்பி வேப்பமரத்தடில நிறுத்திட்டு பேப்பர ஒரு பையன்கிட்ட கொடுத்து உள்ள அனுப்புனாவ. 2 அடி ஏற 24 அடி நீளம் வேணும்னு அன்னைக்கு சாயங்காலந்தான் புத்தகத்த எடுத்து படிச்சேன்.

கணக்கு ரொம்ப லேசு, 1 இன்ச் உசரத்துக்கு 12 இன்ச் நீளம், அதைத்தான் 1-க்கு 12 சரிவுன்னு சொல்லுதாங்க. மத்திய அரசோட 2021 கட்டட வழிகாட்டுதல்லயும் இந்த சரிவுதான். உங்க முக்கால் அடிக்கு 9 அடி நீளம் வேணும். இப்ப யோசிங்க, வாறுகால் சுவர்ல இருந்து ரோட்டுப் பக்கம் 9 அடிக்கு சாய்தளம் இறக்குனா உங்க தெருவுல பைக் கூட போக முடியாது, எதிர்வீட்டுக்காரங்க அன்னைக்கே சண்டைக்கு வருவாங்க, ஆபீஸ்லயும் அதைச் சொல்லியே மனுவ ஓரமா வச்சிருவாங்க. அதனால ரோட்டுல சாய்தளம் கேக்காதீங்க, வாறுகால் சுவர உங்க வாசலுக்கு நேரா 5 அடி நீளத்துக்கு வெட்டி இறக்கி, சிலாப்போட மேல்மட்டம் ரோட்டு மட்டத்துல வர்ற மாதிரி போடச் சொல்லி கேளுங்க. வாறுகால் சுவரு மேல்மட்டத்துல இருந்து 2 அடி ஆழம் இருந்தா, ரோட்டு மட்டத்துக்கு 9 இன்ச்சும் சிலாப் கனத்துக்கு இன்னும் 5 இன்ச்சும் வெட்டுனாலும் அடில தண்ணி ஓட 10 இன்ச் மிச்சம் இருக்கும், ஒரு தெருத் தண்ணிக்கு அது போதும்னு பெரும்பாலும் ஒத்துக்கிடுவாங்க. நாளைக்கு காலைலயே டேப் எடுத்து மூணு அளவு எடுத்து வைங்க: ரோட்டுல இருந்து சுவரு மேல்மட்டம் வரை, உங்க வீட்டு நடைல இருந்து சுவரு மேல்மட்டம் வரை, வீட்டுச் சுவர்ல இருந்து வாறுகால் வரை எத்தனை அடி இடம் இருக்குங்கறது. கூடவே வாறுகாலோட ஆழம். அளக்கும்போது டேப் தெரியுற மாதிரி போட்டோ எடுங்க, தம்பி வீல்சேரோட அந்தச் சுவரு பக்கத்துல நிக்கிற மாதிரி ஒரு போட்டோவும் வேணும்.

இன்னொண்ணு, ஆபீஸ்ல வாறுகால மூட சம்மதிக்காததுக்கு உண்மையான காரணம் பணம் இல்ல, தூர் வாருறதுதான். ஆளாளுக்கு வாசல்ல மூடிட்டா தூய்மைப் பணியாளர் கம்பிய விட முடியாது, மழைக்கு அடைச்சு தெருவே மிதக்கும், அந்தப் பயம் நியாயமான பயம். அதனால மனுவுலயே நீங்க முந்திக்கிட்டு "ரெண்டு பேர் தூக்குற அளவுக்கு துண்டு துண்டா, கொக்கி வச்ச, கழட்டி மாட்டுற சிலாப் போதும்"னு எழுதிருங்க, பாதி ஆட்சேபனை அங்கனயே அடங்கிரும். கம்பி வலை மாதிரி மூடி போடுறோம்னு சொன்னா சந்து அரை இன்ச்சுக்கு மேல இருக்கக்கூடாது, வீல்சேரோட முன்சக்கரம் சின்னது, மாட்டுச்சுன்னா ஆள் முன்னாடி தூக்கி எறிஞ்சிரும், தம்பிக்கு இடுப்புக்குக் கீழ பிடிமானம் இல்ல, இதுல மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க.

"ஒரு ஆளுக்காக எஸ்டிமேட் போட முடியாது"ன்னு சொன்னாங்கள்லா, அதுக்கு பதில் சட்டத்துலயே இருக்கு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 3, உட்பிரிவு 5: ஒரு தனி ஆளோட தேவைக்கு ஏத்த நியாயமான மாற்றத்த செஞ்சு கொடுக்க அரசு நடவடிக்கை எடுக்கணும்னு சொல்லுது. தனி ஆளுக்காகத்தான் அந்தப் பிரிவே இருக்கு. பிரிவு 41 ரோடு போக்குவரத்து பத்தி, நடமாட்டச் சிரமம் உள்ளவங்க போற மாதிரி ரோடு இருக்கணும்னு அதுல வருது. ஆபீஸ் படிக்கு பிரிவு 45, ஏற்கனவே இருக்கிற பொதுக் கட்டடங்கள விதிகள் வந்த நாள்ல இருந்து 5 வருசத்துக்குள்ள சரி பண்ணணும். விதிகள் வந்தது 2017 ஜூன், அந்தக் கெடு 2022 ஜூன்லயே முடிஞ்சு போச்சு. இந்த அளவெல்லாம் வெறும் பரிந்துரைதானேன்னு யாராவது சொன்னா, 2024 நவம்பர் 8-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதைத்தான் கேட்டுச்சு, பரிந்துரையா வச்ச அந்த விதி சட்டத்துக்கு முரண், கட்டாய விதியா 3 மாசத்துல கொண்டு வாங்கன்னு மத்திய அரசுக்கு உத்தரவு போட்டுது. இதையெல்லாம் ஆபீஸ்ல போய் சத்தமா பேச வேண்டாம், மனுவுல பிரிவு நம்பரோட ரெண்டு வரி எழுதுனா போதும், படிக்கிறவருக்கு இது பதில் சொல்ல வேண்டிய பேப்பர்னு புரிஞ்சிரும்.

இனி யாருக்கு எழுதணும்னு சொல்லுதேன். முதல் மனு உங்க செயல் அலுவலருக்கு, ஒரு காப்பி வார்டு கவுன்சிலருக்கு. கொடுத்ததும் இன்னொரு காப்பில சீல் வச்சு தேதி போட்டு வாங்கிருங்க, "அதெல்லாம் எதுக்கும்மா, நாங்க பாத்துக்கிடுதோம்"னு சொன்னாலும் பொறுமையா நின்னு வாங்குங்க, நான் பாத்த வரைக்கும் சீல் இல்லாத மனு மேசை டிராயர்லயே மக்கிப் போகுது.

2 வாரத்துல ஒண்ணும் நடக்கலன்னா திங்கக்கிழமை திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ், மக்கள் குறைதீர்க்கும் நாள். இங்கன ஒரு சூட்சுமம் சொல்லுதேன், நிறைய பேரு கலெக்டர்ட்ட மனு கொடுத்தா கலெக்டரே பாத்து முடிப்பாருன்னு நினைக்காங்க, அது திரும்பவும் அதே பேரூராட்சி ஆபீஸுக்குத்தான் வரும், அவங்களும் "நிதி வந்ததும் பரிசீலிக்கப்படும்"னு பதில் எழுதி முடிச்சிருவாங்க. அதனால மனுவுல நகல்னு போட்டு பேரூராட்சிகள் உதவி இயக்குநர், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் ரெண்டு பேர் பதவியையும் எழுதுங்க. உதவி இயக்குநர்தான் உங்க செயல் அலுவலருக்கு மேல இருக்கிறவரு, வேலைக்கு அனுமதி, எஸ்டிமேட் எல்லாம் அவர் ஆபீஸ் வழியாத்தான் போகும். திங்கக்கிழமை போக முடியாட்டி முதல்வர் உதவி எண் 1100-க்கு போன் போட்டு பதிவு பண்ணலாம், நம்பர் கொடுப்பாங்க, எழுதி வச்சுக்கோங்க. அதுலயும் நகரலன்னா சென்னைல இருக்கிற மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு தபால்லயே புகார் அனுப்பலாம், அவருக்கு சாட்சிய கூப்பிடவும் ஆவணத்த கேட்டு வாங்கவும் சிவில் கோர்ட்டு அதிகாரம் உண்டு. ஆனா சிலாப் விசயம் அவ்வளவு தூரம் போகாதுன்னு நம்புதேன்.

இதுக்கு நடுவுல தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபா கட்டி ஒரு மனு போட்டு வைங்க, உங்க தெரு வாறுகால் வேலையோட எஸ்டிமேட் நகலும் எம் புக் நகலும் கேளுங்க, 30 நாளைக்குள்ள பதில் வரணும். எம் புக்குல எந்த வாசலுக்கு எத்தனை சிலாப் போட்டாங்க, எத்தனை அடின்னு வேலை முடிஞ்ச அளவு எழுதியிருக்கும். சில எஸ்டிமேட்டுல வீட்டு வாசலுக்குன்னு சிலாப் சேத்திருப்பாங்க, தளத்துல விட்டுப்போயிருக்கும், அப்படி இருந்தா உங்க வேலை சுலபம், புதுசா பணமே வேண்டாம். ஃபைனல் பில் போடலன்னா காண்ட்ராக்டர் ஆளும் ஜல்லியும் ஊர்லயே இருக்கும்போதே அரைநாள் வேலையா முடிஞ்சிரும், பில் முடிஞ்சிட்டா அதே அரைநாள் வேலைக்கு தனி எஸ்டிமேட், தனி தீர்மானம்னு மாசக்கணக்கா இழுக்கும். அதனாலதான் தேதி பாக்காம நாளைக்கே போங்கன்னு சொல்லுதேன்.

இப்ப ஒரு புது வழியும் வந்திருக்கு, ஊர்ல நிறைய பேருக்கு தெரியல. 2025 ஏப்ரல்ல சட்டசபைல நகர்ப்புற உள்ளாட்சி சட்டத்தையும் ஊராட்சி சட்டத்தையும் திருத்தி, மாற்றுத்திறனாளிகள கவுன்சில்ல நியமன உறுப்பினரா வைக்க வழி பண்ணுனாங்க, பேரூராட்சிக்கு ஒருத்தர். அவங்களுக்கு ஓட்டு கிடையாது, ஆனா கூட்டத்துல உக்காந்து பேசலாம். ஓட்டு இல்லாம என்ன பிரயோசனம்னு சிலர் கேக்காங்க, எனக்கு அப்படித் தோணல, எஸ்டிமேட் பேசுற மேசைல வீல்சேர்ல ஒருத்தர் உக்காந்திருந்தா அன்னைக்கு நான் 4 அடி சாய்தளத்த கட்டியிருக்கவே மாட்டேன். உங்க பேரூராட்சி நியமன உறுப்பினர் யாருன்னு கேட்டு அவர்ட்டயும் மனு காப்பி கொடுங்க. ஆபீஸ் படி விசயத்த அவரு மூலமா கொண்டு போறதுதான் நல்லது, அவரே அந்தப் படிய ஏறித்தான் கூட்டத்துக்குப் போகணும்.

ஆபீஸ் படிக்கு அளவு தெரிஞ்சுக்கோங்க, 4 படின்னா ஏறக்குறைய 2 அடி இருக்கும், 24 அடி நீளம் வேணும், நேரா இடம் இல்லன்னா நடுவுல 5 அடிக்கு 5 அடி தட்டையா விட்டு திருப்பிக் கட்டலாம். அகலம் குறைஞ்சது 4 அடி, ரெண்டு பக்கமும் கைப்பிடி, ஓரத்துல சக்கரம் நழுவாம சின்ன விளிம்பு, மேல சொரசொரப்பா துடைப்பக் கோடு போட்டு முடிக்கணும், வழுவழு டைல்ஸ் கண்டிப்பா வேண்டாம். கட்டுன பிறகு அதுல பைக் நிறுத்தாம பாத்துக்கிடணும், எங்க பக்கம் பாதி சாய்தளம் பைக் ஸ்டாண்டாத்தான் கிடக்கு, பாத்தா வயிறு எரியும். பார்வை இல்லாத பிள்ளைங்களுக்கும் காது கேளாத பிள்ளைங்களுக்கும் 1890-கள்லயே பாளையங்கோட்டைல பள்ளிக்கூடம் வந்த ஜில்லா இது, இங்கயே இந்த நிலைமைன்னா என்ன சொல்ல.

தம்பிக்கு வேற உதவி வருதான்னு நீங்க எழுதல, அதனால சுருக்கமா சொல்லிருதேன். யுடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிக்கான தனி அடையாள அட்டை, இல்லன்னா மொதல்ல அதை எடுங்க, எல்லாத்துக்கும் அதுதான் அடிப்படை. முதுகுத்தண்டுவடம் பாதிச்சவங்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறைல மாசம் 2,000 ரூபா பராமரிப்பு உதவித்தொகை தனி வகையா இருக்கு, பேட்டரி வீல்சேருக்கும் அதே நல அலுவலர் ஆபீஸ்லதான் எழுதிக் கொடுக்கணும். சாதாரண கட்டண டவுன் பஸ்ல அவனுக்கும் கூட வர ஒரு ஆளுக்கும் டிக்கெட் இல்ல. இன்னொண்ணு, அம்பை, கடையம் வழியா தென்காசி போனா பக்கத்துலயே ஆய்க்குடி, அங்க அமர் சேவா சங்கம் இருக்கு, முதுகுத்தண்டு அடிபட்டவங்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சி கொடுக்காங்க. அதை 1981-ல ஆரம்பிச்ச ராமகிருஷ்ணன் அவர்களே வாலிப வயசுல கடற்படைத் தேர்வுல குதிச்சு முதுகுத்தண்டு அடிபட்டவரு, 2020-ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. வீல்சேர்ல இருந்து கட்டிலுக்கு தானே மாறுறது, படுக்கைப் புண்ணு வராம பாத்துக்கிடுறது, இதெல்லாம் முறையா கத்துக்கிட்டா உங்களுக்கும் பாரம் குறையும், அவனுக்கும் தெம்பு வரும். ஒரு தடவ கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க.

மனு எப்படி எழுதன்னு யோசிக்காதீங்க, இதை அப்படியே எழுதுங்க: "எனது தம்பி முதுகுத்தண்டு பாதிப்பால் சக்கர நாற்காலி பயன்படுத்துபவர். எங்கள் தெருவில் புதிதாகக் கட்டிய வாறுகால் சுவர் ரோட்டு மட்டத்தை விட 9 அங்குலம் உயரமாக இருப்பதால் அவர் வீட்டை விட்டு வெளியே வர இயலவில்லை. எங்கள் வாசலுக்கு நேராக 5 அடி நீளத்துக்கு சுவரை இறக்கி, தூர் வாரும்போது கழற்றக்கூடிய சிலாப்பை அதன் மேல்மட்டம் ரோட்டு மட்டத்தில் இருக்கும்படி அமைத்துத் தரும்படி, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பிரிவு 3(5), 41-ன் கீழ் கேட்டுக்கொள்கிறேன்." கீழ யுடிஐடி அட்டை நகல், அளவு, போட்டோ. தம்பியோட கையெழுத்தும் இருக்கணும், அவன் பேர்லயே மனு போறது இன்னும் நல்லது, அப்ப "எனது தம்பி"ங்கறத "நான்"னு மாத்திக்கோங்க.

வேலை ஆரம்பிச்சா, சிலாப் வைக்கிற அன்னைக்கு தம்பி வாசல்லயே வீல்சேர்ல இருக்கட்டும். கொத்தனார் நூல் பிடிச்சு மட்டம் பாப்பாரு, அது சுவருக்கு சரியா இருக்கும், சக்கரத்துக்கு சரியான்னு அவருக்குத் தெரியாது. சிமெண்ட் இறுகுறதுக்கு முன்னாடி ரெண்டு பலகைய அந்த மட்டத்துல போட்டு அவன ஒரு தடவ உருட்டிப் பாக்கச் சொல்லுங்க, ரோடும் சிலாப்பும் சேருற இடத்துல அரை இன்ச் தட்டுச்சுன்னாலும் அப்பவே கொத்தனார்ட்ட சொல்லி கரண்டியால இழுத்து விடச் சொல்லிருங்க.