டைட்டில் ஷாட் யாருக்குப் போச்சு? பாக்சிங் கேள்வி பதில்

கேள்வி: தகுதியே இல்லாம உலக டைட்டிலுக்கு ஃபைட் பண்ண சான்ஸ் கிடைச்சவங்கள்ல நம்பர் ஒன் யாரு சார்? ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் பீட் ராடமாக்கர்னு அடிச்சு சொல்றாங்க.

பதில்: அவர் பேர் வர்றது நியாயம்தான். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ்ல ஹெவிவெயிட் தங்கம் வாங்கினவரு, ஆனா புரொஃபஷனலா அவரோட முதல் ஃபைட்டே உலக ஹெவிவெயிட் டைட்டிலுக்கு, அதுவும் ஃப்ளாய்ட் பேட்டர்சனோட. 1957 ஆகஸ்ட் 22, சியாட்டில். பேட்டர்சனுக்கு 2,50,000 டாலர் கேரண்டி குடுத்துதான் அந்த ஃபைட்டையே பிடிச்சாங்க. எல்லாரும் மறந்துடுற விஷயம் என்னன்னா ரெண்டாவது ரவுண்டுல ராடமாக்கர் பேட்டர்சன கீழ தள்ளிட்டாரு, அதுக்கு முன்னாடி புரொஃபஷனல் ரிங்ல ஒரு ரவுண்டுகூட ஆடாத ஆளு உலக சாம்பியன கேன்வாஸ்ல உக்கார வச்சுட்டாரு! அப்புறம் பேட்டர்சன் எழுந்து சுதாரிச்சு, திரும்பத் திரும்ப விழ வச்சு, ஆறாவது ரவுண்டுல கதைய முடிச்சாரு.

ஆனா என் நம்பர் ஒன் அவர் இல்லங்க. பராகுவே நாட்டு ரஃபேல் லோவேராதான். 1975 செப்டம்பர்ல காரகாஸ்ல டபிள்யூபிசிங்கிற பாக்சிங் அமைப்போட லைட் ஃப்ளைவெயிட் டைட்டில் காலியா இருந்தப்ப லூயிஸ் எஸ்டாபாவோட மோத விட்டாங்க, லோவேரா நிறைய ஜெயிச்ச ஆளுன்னு ரெக்கார்ட் காட்டினாங்க, நாலாவது ரவுண்டுல லோவேரா நாக்அவுட் ஆயிட்டாரு. அப்புறம்தான் தெரிய வந்துச்சு, அவரு அதுக்கு முன்னாடி ஒரு புரொஃபஷனல் ஃபைட்கூட ஆடினதில்ல. ராடமாக்கர் புதுசுன்னு டிக்கெட் வாங்கின ஒவ்வொருத்தருக்கும் தெரியும். லோவேரா விஷயத்துல பார்த்தவங்க கண்ணுல மண்ணத் தூவிட்டாங்க, அந்த ஆள் உயிரையும் பணயம் வச்சாங்க, அதை என்னால மன்னிக்கவே முடியல.

கேள்வி: சான்ஸ் வாங்குற சேலஞ்சர் மேலதானே தப்பு? தகுதி இல்லன்னா வேணாம்னு சொல்லலாமே?

பதில்: இல்லவே இல்ல. உலக டைட்டிலுக்கு ஃபைட் பண்றியான்னு போன் வந்தா எந்த பாக்சர் வேணாம்பான், சொல்லுங்க? தப்பு போன் பண்ற பக்கம்தான். டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓன்னு நாலு அமைப்பு, ஒவ்வொண்ணும் தனித்தனியா டாப் 15 லிஸ்ட் போடுது. சாம்பியன் டைட்டில காப்பாத்திக்க ஆடுற ஃபைட்டுக்கு டிஃபென்ஸ்னு பேரு, மேண்டேட்டரி டிஃபென்ஸ்னா அமைப்பு சொல்ற ஆளோட கட்டாயம் ஆடணும், வாலண்டரின்னா லிஸ்ட்ல இருக்குற யாரை வேணும்னாலும் சாம்பியன் தரப்பு எடுத்துக்கலாம். அப்ப பதினாலாவது, பதினஞ்சாவது இடத்துக்கு ஒரு ஆளைக் கொண்டு வந்துட்டாலே வேலை முடிஞ்சுது. ஃபைட் நடந்தா பாக்சர் வாங்குற பணத்துல இந்த அமைப்புகளுக்கும் ஒரு பங்கு போகும், அதனால வேணாம்னு சொல்ல அவங்களுக்கும் மனசு வராது.

லிஸ்ட் எவ்வளவு நம்பிக்கையானதுன்னு கேக்குறீங்களா, டேரின் மோரிஸ்னு ஒரு சூப்பர் மிடில்வெயிட் பாக்சர் 2000ல இறந்துட்டாரு. இறந்ததுக்கு அப்புறம் 2001ல டபிள்யூபிஓ அவரை ஏழாவது இடத்துல இருந்து அஞ்சாவது இடத்துக்கு ஏத்துச்சு. ஒரு மனுஷன் உயிரோட இருக்காரான்னுகூட பார்க்காம போட்ட லிஸ்ட் அது. ஐபிஎஃப் தலைவரா இருந்த பாப் லீ மேல ராங்கிங்குக்கு காசு வாங்கினதா 1999ல கேஸ் போட்டாங்க, எல்லா குற்றச்சாட்டும் நிக்கல, ஆனா பண மோசடி, வரி ஏய்ப்பு மாதிரி சிலதுல தண்டனை ஆகி 22 மாசம் தீர்ப்பாச்சு. ராங்கிங்க எந்த அடிப்படைல போடுறோம்னு வெளில சொல்லணும்னு அமெரிக்கால 2000ல முகமது அலி பேர்லயே சட்டம் வந்துச்சு, நல்ல சட்டம்தான், ஆனா அமெரிக்காவுக்கு வெளில நடக்குற ஃபைட்ட அது தொடாது.

கேள்வி: தகுதி இல்லாம சான்ஸ் வாங்கினவங்க லிஸ்ட்ல சக் வெப்னர் வருவாரா?

பதில்: என் லிஸ்ட்ல வர மாட்டாரு. 1975 மார்ச் 24, ஓஹாயோல அலியோட ஆடுறப்ப அவருக்கு 36 வயசு, பிழைப்புக்கு மதுபான சேல்ஸ்மேன், பெரிய ராங்கிங் எல்லாம் இல்லதான். ஆனா ஒன்பதாவது ரவுண்டுல அலி கீழ விழுந்தாரு (காலை மிதிச்சுட்டான்னு அலி சொன்னாரு), வெப்னர் முகம் பூரா கிழிஞ்சு ரத்தம் வழிய வழிய நின்னு, பதினஞ்சாவது ரவுண்டு முடிய 19 செகண்ட் இருக்கறப்பதான் ரெஃபரி நிறுத்தினாரு. அடுத்த வருஷம் அலி சான் ஹுவான்ல ஆடின பெல்ஜியம்காரர் ஜான்-பியர் கூப்மன் இருக்காரே, அவரை வேணும்னா போட்டுக்கோங்க, அஞ்சு ரவுண்டு, ஒப்புக்கு ஒரு ஆளு.

கேள்வி: தகுதி இல்லாம உள்ள வந்து ஜெயிச்சவங்க உண்டா?

பதில்: உண்டு. லியான் ஸ்பிங்ஸ் வெறும் ஏழே ஃபைட் ஆடிட்டு 1978 பிப்ரவரில அலியவே பாயிண்ட்ஸ்ல தோக்கடிச்சாரு. ஜார்ஜ் ஃபோர்மன் 1993ல டாமி மோரிசன்கிட்ட தோத்தாரு, அதுக்கப்புறம் ஒரு ஃபைட்கூட ஆடாம நேரா 1994 நவம்பர்ல மைக்கேல் மூரரோட டைட்டில் ஃபைட், டபிள்யூபிஏ ஒத்துக்கலன்னு கோர்ட்டுக்கே போனாரு. வயசு 45. இருபது வருஷத்துக்கு முன்னாடி அலிகிட்ட தோத்தப்ப போட்டிருந்த அதே சிவப்பு ட்ரங்க்ஸ போட்டுக்கிட்டு வந்து ஒன்பது ரவுண்டு அடி வாங்கினாரு, பத்தாவதுல ஒரு ரைட் ஹேண்ட், மூரர் மல்லாந்துட்டாரு. இப்ப பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கும். அதுக்காக அந்த சான்ஸ் நியாயமா வந்துச்சுன்னு சொல்ல மாட்டேன்.

கேள்வி: யூட்யூப்ல இருந்து பாக்சிங்குக்கு வந்த ஜேக் பாலுக்கு ராங்கிங் குடுத்தாங்களே, அது சரியா?

பதில்: இல்ல. 2025ல ஹூலியோ சீசர் சாவேஸ் ஜூனியர ஜெயிச்ச உடனே டபிள்யூபிஏ க்ரூசர்வெயிட்ல 14வது இடம். சாவேஸ் ஜூனியர் ஃபார்ம்ல இருந்த காலம் எப்பவோ போயிடுச்சு.

கேள்வி: இதனால ரொம்ப பாதிக்கப்பட்டது யாரு?

பதில்: வரிசைல கால் கடுக்க நின்னவங்கதான். பேட்டர்சன் காலத்தையே எடுத்துக்கோங்க, 1959 ஜனவரில ஹென்றி கூப்பர்கிட்ட தோத்த பிரையன் லண்டனுக்கு அதே வருஷம் மே மாசம் டைட்டில் ஷாட், 1961ல டாம் மெக்நீலிக்கு ஷாட், அவரு டொராண்டோல எத்தனை தடவை விழுந்தாருன்னு எண்ணவே கஷ்டமா இருக்கும். இந்தப் பக்கம் சோனி லிஸ்டன் கிளீவ்லேண்ட் வில்லியம்ஸ், ஃபாலி, மேச்சன்னு எல்லாரையும் அடிச்சுட்டு நின்னுட்டு இருந்தாரு. ஜெயிலுக்குப் போனவரு, ரவுடிங்க சகவாசம்னு காரணம் சொன்னாங்க. 1962 செப்டம்பர்ல கடைசியா பேட்டர்சனோட ஆட விட்டப்ப முதல் ரவுண்டுலயே முடிச்சுட்டாரு.

அவருக்காவது கிடைச்சுது. ஆர்ச்சி மூர் பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆடின பிறகு 1952 டிசம்பர்லதான் லைட் ஹெவிவெயிட் டைட்டிலுக்கு ஆட முடிஞ்சுது, ஆடின அன்னிக்கே ஜெயிச்சாரு. அந்த மூரையே 1944ல பல தடவை கீழ தள்ளி ஜெயிச்ச சார்லி பர்லிக்கு ஒரு உலக டைட்டில் ஷாட்கூட யாரும் குடுக்கல, கறுப்பர், அதோட ஜெயிக்கிறது ரொம்ப கஷ்டம், டிக்கெட்டும் பெருசா விக்காது, சாம்பியனுங்க ஏன் கிட்ட வருவாங்க? 1950ல ஃபைட் பண்றத விட்டுட்டு பிட்ஸ்பர்க்ல குப்பை அள்ளுற வேலைக்குப் போனாரு.