தரைக்கு அடியில் உடைந்த குழாய்

கேள்வி: குளியலறையிலிருந்து கொல்லைச் சேம்பருக்கு (கழிவுநீர்த் தொட்டிக்கு) போகும் நாலு அங்குல பி.வி.சி. குழாய், நடையின் சிமெண்ட் தளத்துக்கு அடியில் உடைந்துவிட்டது போலிருக்கிறது. ஓரிடத்தில் ஈரம் காய்வதே இல்லை. நடை முழுவதையும் பெயர்க்க வேண்டும் என்கிறார் கொத்தனார். வேறு வழி உண்டா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: உண்டு. ஆனால் ஈரம் தெரியும் இடத்தை நம்பி உடைக்காதீர்கள். கசியும் தண்ணீர் தளத்தின் அடியிலேயே ஓடி வேறெங்கோ மேலே வரும். சேம்பரிலிருந்து மூங்கில் பிளாச்சை உள்ளே விட்டு, முட்டும் நீளத்தை அளந்து தரைமேல் குறியுங்கள். நுனியில் களிமண் வந்தால் உடைப்பு அங்கேதான். தலைமுடியும் சோப்பு அழுக்கும் மட்டும் வந்தால் அது வெறும் அடைப்பு. தளத்தில் கைவைக்கவே வேண்டாம்.

பெரும்பாலும் இரண்டடிக்கு நாலடி திறந்தால் போதும். ஓரங்களைக் கிரைண்டரில் அறுத்துவிட்டுக் கொத்தச் சொல்லுங்கள், பக்கத்து டைல்ஸ் தப்பும். குழாயை நெருங்கியதும் கடப்பாரை கூடாது.

இருபுறமும் விரிசல் இல்லாத குழாய் வரும்வரை அறுத்தெடுங்கள். புதுத் துண்டு, இடைவெளியைவிட அரை சென்டிமீட்டர் குறைவாக இருக்கட்டும். இணைக்க, ரப்பர் வளையம் உள்ள ஸ்லிப் கப்ளர் (குழாய்மேல் முழுதாக நகரும் இணைப்பு) இரண்டு வேண்டும். கடையில் சாதாக் கப்ளரைத் தந்துவிடுவார்கள். விரலை விட்டுப் பாருங்கள், நடுவில் வரம்பு தட்டினால் திருப்பிக் கொடுங்கள். கப்ளர்களைப் பழைய குழாய்மேல் முழுதாக ஏற்றி, துண்டை வைத்து, பிறகு இணைப்பின் நடுவுக்கு இழுக்க வேண்டும். வழுக்கச் சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸ் தடவினால் ரப்பர் கெடும். பசை ஈரக் குழியில் சரியாகப் பிடிக்காது.

குழாயின் வாட்டம் (சரிவு) பத்தடிக்கு மூன்று அங்குலம். மூடுமுன் சேம்பரில் குழாயின் வாயை அடைத்து, நீர் நிரப்பி, அரை மணி நேரம் மட்டம் இறங்குகிறதா பாருங்கள்.

உடைந்ததற்குக் காரணம் மண்தான். டெல்டாக் களி மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். குழாய் அதோடு ஏறி இறங்கும்போது, சுவரில் இறுகியிருக்கும் இடத்தில் முறிகிறது. தோண்டிய களியையும் செங்கல் துண்டையும் திரும்பக் கொட்டினால் மறுபடி உடையும். அடியில் நாலு அங்குலம், மேலே ஆறு அங்குலம் மணல் போடுங்கள். சுவர்த் துளையில் குழாயைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டு அதையும் மணலால் நிரப்புங்கள். குழியில் மணலுக்கு மேல் 1:2:4 (சிமெண்ட், மணல், ஜல்லி) கான்கிரீட் போட்டு, ஏழு நாள் ஈரம் காயாமல் வையுங்கள்.

மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. வாய்க்காலில் தண்ணீர் வந்தபின் குழியில் ஊற்றெடுக்கும் என்பதால் சித்திரையிலேயே முடித்துவிடுங்கள்.

கேள்வி: எங்களுடையது பழைய ஸ்டோன்வேர் (சுட்ட மண்) குழாய். ஒரு துண்டு மட்டும் மாற்றலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: வேண்டாம். கொத்தும் அதிர்விலேயே அடுத்த துண்டும் கீறிவிடும். சேம்பர் வரை முழுதாக மாற்றுங்கள்.