கர்ப்பப்பையை எடுக்கத் தேதி குறித்துவிட்டார்கள், என்னைக் கேட்கவில்லை

கேள்வி: எனக்கு வயது 39. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை. இரண்டு குழந்தைகள். மாதவிலக்கில் ரத்தம் அதிகமாகப் போகிறது. சேலத்தில் ஸ்கேன் எடுத்ததில் கர்ப்பப்பையில் 4 செ.மீ. நார்க்கட்டி. ஹீமோகுளோபின் 8. கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார்கள். கணவரும் மாமியாரும் சரி சொல்லித் தேதியும் வாங்கிவிட்டார்கள். எடுத்தே ஆக வேண்டுமா?

பதில்: நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், இது நாளைக்கே முடிவெடுக்க வேண்டிய விஷயம் இல்லை அம்மா. நார்க்கட்டிகள் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. மாதவிலக்கு நின்ற பிறகு பொதுவாகச் சுருங்கிவிடும். அதுவரை ரத்தப்போக்கைக் குறைக்க மாத்திரைகள் உண்டு, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் உண்டு. கட்டியை மட்டும் எடுக்கவும் முடியும். கட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து வழி மாறும். கர்ப்பப்பையை எடுப்பதும் சிலருக்குச் சரியான சிகிச்சைதான். ஆனால் அது ஒன்றே வழி என்பதுபோல் உங்களிடம் பேசியிருந்தால், அது சரியில்லை.

எனக்கு அதைவிடக் கவலை தருவது, உங்களை யாரும் கேட்கவில்லை என்பது. டாம் பீச்சம் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் மருத்துவ அறம் பற்றி நிறைய எழுதியவர். 1986இல் ரூத் ஃபேடனோடு சேர்ந்து அவர் எழுதிய நூலில் சம்மதத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறார். நோயாளி விஷயத்தைப் புரிந்துகொண்டு, யாருடைய பிடிக்கும் உட்படாமல், தானே 'செய்யுங்கள்' என்று அனுமதிப்பது ஒன்று. மருத்துவமனை விதிப்படி படிவத்தில் கையெழுத்து வாங்குவது இன்னொன்று. இரண்டாவது ஒழுங்காக நடந்திருக்கும், முதலாவது நடந்தே இருக்காது. எத்தனையோ பெண்களிடம் இதை நான் பார்த்திருக்கிறேன். எங்கே கையெழுத்து போட வேண்டும் என்று மட்டும்தான் கேட்பார்கள்.

நம் உச்ச நீதிமன்றமும் 2008இல் சமீரா கோலி வழக்கில் இதைத்தான் சொன்னது. மயக்க நிலையில் இருந்த பெண்ணுக்காக அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதபோது, வயதுவந்த பெண்ணின் சம்மதத்தை அவர்தான் தர வேண்டும், தாய் தந்த சம்மதம் செல்லாது என்றது தீர்ப்பு. உங்கள் கணவர் அக்கறையில்தான் செய்திருப்பார். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் கேள்விகளை நீங்கள் கேளுங்கள். எடுக்காவிட்டால் என்ன ஆகும்? வேறு என்ன வழி? முக்கியமாக, சினைப்பைகளையும் எடுக்கப் போகிறார்களா? இந்த வயதில் அவற்றையும் எடுத்தால் மாதவிலக்கு நின்றவர்களின் உடல்நிலை உடனே வந்துவிடும், எலும்பும் தேயும். பதில் திருப்தியாக இல்லையென்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இன்னொரு கருத்து கேளுங்கள்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் ரத்தசோகைக்கு இப்போதே சிகிச்சை வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை போட்டவுடன் காப்பி, டீ குடிக்காதீர்கள், சத்து உடம்பில் சரியாகச் சேராது. அப்புறம், மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, தலைசுற்றி மயக்கம் வந்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.