27 அங்குல மானிட்டர்: ஐபிஎஸ், விஏ, ஓலெட் – எதை வாங்கலாம்?

தமிழில் தட்டச்சு, பக்க வடிவமைப்பு, இரவில் கொஞ்சம் படம். இதற்கு 27 அங்குலத்தில் எந்த பேனல், அதாவது எந்த வகைத் திரை (ஐபிஎஸ், விஏ, ஓலெட்) நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் ஏறக்குறைய இதே பிழைப்புதான். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ் அடித்துக் கொடுக்கிறேன். இரண்டு மானிட்டரில் ஏமாந்து, மூன்றாவதுதான் சரியாக அமைந்தது.

முதலாவது டிஎன் என்கிற இன்னொரு பேனல் வகை. மலிவு என்று வாங்கினேன். தோட்டத்திலிருந்து ஓர் அக்கா, மகள் பத்திரிகையைப் பார்க்க வந்தார். என் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி, "ஏன் தம்பி, மஞ்சள் இப்படி வெளுத்துக் கிடக்கு?" என்றார். எனக்கோ நல்ல மஞ்சளாகத் தெரிந்தது. எழுந்து நின்று பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. டிஎன்னில் கண் மட்டம் மாறினால் நிறமும் மாறும். விட்டுவிடுங்கள்.

அடுத்தது 27 அங்குல விஏ. ஐபிஎஸ் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம்) சுமார் 1000:1, விஏவுக்கு 3000:1 என்று படித்து மயங்கினேன். எங்கள் முன்வாசலோ பகலெல்லாம் திறந்தே கிடக்கும். வெளிச்சம் திரையில் விழுந்தால் எந்தக் கறுப்பும் சாம்பல்தான். இரவில் விளக்கணைத்துப் படம் பார்க்க அருமை, மறுக்கவில்லை. ஆனால் கறுப்புப் பின்னணியில் பக்கத்தை உருட்டினால் எழுத்துக்குப் பின்னால் நிழல் இழுபடும்.

அதைவிடப் பெரிய தப்பு பேனலில் இல்லை, 1920 x 1080 என்ற திரைப் புள்ளி (பிக்சல்) கணக்கில் இருந்தது. 27 அங்குலத்தில் அது அங்குலத்துக்கு 82 புள்ளிதான். ஆங்கில எழுத்துக்கு ஓடிவிடும். நம் 'ண'வின் மூன்று சுழியும் சின்ன அளவில் ஒட்டிக்கொண்டு 'ன' மாதிரி நிற்கும். ஒருமுறை 'மனமகன்' என்றே அச்சுக்குப் போய், 300 பத்திரிகையை என் கைக்காசில் மறுபடி அடித்தேன். மானிட்டரில் மிச்சம் பிடித்த காசெல்லாம் அதிலேயே போனது.

இப்போது இருப்பது 27 அங்குல ஐபிஎஸ், 2560 x 1440. அங்குலத்துக்கு 109 புள்ளி. இருட்டில் மூலைகளில் லேசாக வெளிறும், அது ஐபிஎஸ்ஸின் குணம், நான் கண்டுகொள்வதில்லை. 24 அங்குலம் போதுமென்றால் 1080லேயே 92 புள்ளி வரும், சமாளிக்கலாம்.

ஓலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் தானே அணைவதால் கறுப்பு நிஜக் கறுப்பு. ஆனால் நாளெல்லாம் ஒரே டூல்பார் நின்றால் தடம் பதியக்கூடும். பல ஓலெட்களில் எழுத்தோரம் நிறம் கசிவதும் உண்டு. படத்துக்கு மட்டும் என்றால் சரி, நம் வேலைக்கு வேண்டாம்.

அப்புறம், கடையில் ஓடுகிற டெமோ வீடியோவைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நான் ஈப்போவுக்குப் போனபோது பென் டிரைவில் இரண்டு பக்கம் கொண்டுபோனேன்: ஒன்றில் 'மணமகன், கண்ணன், அண்ணன்' என்று 10 அளவில் அடித்தது, இன்னொன்று முழு மஞ்சள். முதலாவதை உட்கார்ந்து படியுங்கள், இரண்டாவதை எழுந்து நின்று பாருங்கள்.