வேனுக்குள் கேஸ் ஹீட்டர்: திறந்து எரிவது வேண்டாம்

தம்பி, தக்கலையிலிருந்து டிசம்பரில் ஊட்டிக்குப் போக ஆம்னி வேனில் படுக்கை போட்டிருப்பதாகவும், 5 கிலோ சிலிண்டரில் ஹீட்டர் மாட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மாட்டலாம். ஆனால் சிவந்து திறந்து எரிகிற ஹீட்டர் வேண்டவே வேண்டாம். நீங்கள் மூச்சுவிடும் காற்றையே அதுவும் தின்னும். காற்று குறைந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். மணம் இல்லை, நிறம் இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். வெளிக்காற்றை இழுத்துப் புகையை வெளியே தள்ளும் மூடிய வகையை வாங்குங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரமும் கட்டாயம்.

சிலிண்டருக்கு, வேன் உட்புறத்தோடு தொடர்பே இல்லாத தகரப் பெட்டி அடித்து, அடியில் வெளியே திறக்கும் ஓட்டை போடுங்கள். இந்தக் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையில்தான் தேங்கும்.

மார்த்தாண்டத்தில் ஒரு வேனுக்குக் குழாய் இழுத்தபோது, நன்றாக முடுக்கிய நட்டில் சோப்பு நுரை தடவினேன். கடுகளவு குமிழி ஊதி உடைந்தது, மறுபடி ஊதியது. மூக்குக்கு எதுவுமே தெரியவில்லை. அதனால் மலையேறி இறங்கிய பிறகும் தடவிப் பாருங்கள், குலுங்கலில் நட்டு தளரும்.

வண்டியில் மாற்றம் செய்யுமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், நம் வீட்டு கேஸில் பியூட்டேனும் உண்டு. குளிர் 0 டிகிரியை நெருங்கினால் அது சரியாக ஆவியாகாது, விடியற்காலையில் தீ மெலியும். அதற்காகச் சிலிண்டரைச் சூடாக்காதீர்கள். இரண்டு ராத்திரிதானே, படுக்குமுன் அரைமணி நேரம் போட்டு அணைத்துவிட்டு, கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள்.